ஐந்துக்கு எத்தனை?

2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஒரு புதன்கிழமை இரவு, பிளின்டர்ஸ் ஸ்ரீற் நிலையத்திலிருந்து டன்டினோங் போகும் ரயிலில் இருந்தபடி, எனக்குப் புள்ளிவிபரவியல் படிப்பித்த ஒருவருக்கு ஐந்துக்கு இரண்டு போட்டேன். அவருடைய விளக்கங்கள் தெளிவாக இருந்தனவா என்பதுதான் கேள்வி. தெளிவாகத்தான் இருந்தன. அந்த வகுப்பில் இருந்தவர்களில் அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. தெரிந்துகொண்டே இரண்டைத் தொட்டேன். ரயில் கோல்பீல்டைத் தாண்டுவதற்குள் பத்துக் கேள்விகளும் முடிந்துவிட்டன.

இதை ஒரு குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. கேட்டால் பலர் சிரிப்பார்கள். ஆனாலும் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த இரண்டு என்னை விட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கே விளங்கப்படுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

*

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. எங்கள் பிரிவில் எல்லாமே எண்களாக மாறிக்கொண்டிருந்த காலம். மேலே போகவேண்டும் என்றால் புள்ளிவிபரவியலில் ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பகலில் வேலை, புதன்கிழமைகளில் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை வகுப்பு. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விரிவுரையாளரின் பெயரையும்தான்.

அவர் கண்டியில் பிறந்த சிங்களப் பெண். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தவணைக்குத் தவணை ஒப்பந்தத்தில் வருபவர். முதல்நாளே தான் எந்த ஊர் என்று சொன்னார். நான் எந்த ஊர் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. பெயரேட்டில் என் பெயரைப் பார்த்தவருக்கு அது விளங்காமலும் இருந்திருக்காது.

அவருடைய ஆங்கிலம் எங்கள் நாட்டு ஆங்கிலம். 'வேரியபிள்' என்று சொல்லும்போது ஆங்கிலத்தின் இரண்டு 'வ'க்களில் எது அது என்று பிரித்தறிய முடியாது. என்னுடையதும் அப்படித்தான். வகுப்பில் நூற்றுநாற்பது பேரளவில் இருந்தோம். பெரும்பாலானோர் இந்தப் பாடத்தை விரும்பி எடுத்தவர்கள் அல்லர். வேறு பட்டத்துக்குக் கட்டாயம் என்பதால் வந்தவர்கள். மூன்றாம் வாரத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெடியன் திரும்பி, இந்த மனுசி சொல்வதில் ஒரு சொல்லும் தனக்கு விளங்கவில்லை என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நானும் சிரித்தேன்.

நல்ல ஆசிரியர். இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் எடுத்தது என்பது வெட்கம். சூத்திரத்தை எழுதிவிட்டுப் போகிறவர் அல்லர். இந்தச் சூத்திரம் எதை நம்பிக்கொண்டு வேலை செய்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எதை நம்புகிறோம் என்று தெரியாமல் கணக்குச் செய்வது, யாருடையது என்று தெரியாத வீட்டுக்குள் செருப்போடு போவதுபோல என்றார் ஒருமுறை.

இரண்டாம் வாரத்தில் அளவைகளைப் பற்றிப் படிப்பித்தார். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1946இல் எண்களை நான்கு வகையாகப் பிரித்தார். பெயருக்கு நிற்கும் எண் ஒன்று, வரிசையைக் காட்டும் எண் ஒன்று, இடைவெளியைக் காட்டும் எண் ஒன்று, விகிதத்தைக் காட்டும் எண் ஒன்று. ஓட்டப்போட்டியில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்றால் யார் முன்னே யார் பின்னே என்பது தெரியும். எவ்வளவு தூரம் முன்னே என்பது தெரியாது. ஆகவே வரிசை எண்களைக் கூட்டிப் பிரித்து இடை காண்பது சரியல்ல என்றார். 'முற்றாக உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றாக மறுக்கிறேன்' என்பதுவரை ஐந்து படிகளாகப் பதில் கேட்கும் முறையை 1932இல் லிக்கேர்ட் கொண்டுவந்தார். அதில் வரும் எண்களும் வரிசை எண்களே. கொஞ்சம் உடன்படுகிற ஒருவரையும் முற்றாக மறுக்கிற ஒருவரையும் கூட்டி இரண்டால் பிரித்தால் நடுவில் எந்த மனிதரும் கிடைக்கமாட்டார் என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது.

அடுத்த வாரம் மாதிரிகள். 1936இல் 'லிற்றரரி டைஜஸ்ற்' என்ற அமெரிக்கச் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். ரூஸ்வெல்ற் தோற்பார் என்றது சஞ்சிகை. அவர் 48 மாநிலங்களில் 46இல் வென்றார். எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைவிட யார் பதில் சொல்லாமல் விட்டார்கள் என்பதைப் பாருங்கள் என்றார். கோபமுள்ளவன் தபால்பெட்டி தேடிப் போவான், திருப்தியானவன் வீட்டில் இருப்பான்.

இந்த இரண்டு பாடங்களையும் அவர் எங்களுக்குத் தந்தது ஓகஸ்ட் மாதத்தில். ஒக்ரோபரில் பல்கலைக்கழகம் எங்களுக்கு ஐந்து படி கொண்ட ஒரு படிவத்தை அனுப்பியது. விரும்பியவர்கள் நிரப்பலாம். வரும் எண்களைக் கூட்டிப் பிரித்து, அவருக்கு ஓர் இடை.

*

நான்காம் வாரத்தில் இசட் புள்ளி. ஒருவர் எடுத்த புள்ளியிலிருந்து அவருடைய கூட்டத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் பிரிக்கவேண்டும். அவர் தன் கூட்டத்துக்குள் எங்கே நிற்கிறார் என்பதை அது காட்டும். பலகையில் மணி வடிவ வளைகோட்டை வரைந்துவிட்டு அவர் திரும்பினார். என்னுடைய நாட்டில் இந்த எண்ணுக்காக இப்போதுதான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள் என்றார்.

அவர் சொன்னது உண்மை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு பகுதியினரும் எழுதினார்கள். இரண்டு வேறு வினாத்தாள்கள். ஆனால் இசட் புள்ளி கணிக்கும்போது இருவரையும் ஒன்றாகப் போட்டுக் கலந்துவிட்டார்கள். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தப் புள்ளிகளைத் தள்ளுபடி செய்து, இவர்கள் இரண்டு வெவ்வேறு கூட்டத்தினர், வெவ்வேறாகக் கணியுங்கள் என்றது. சூத்திரம் பிழையல்ல, யாரை யாரோடு சேர்ப்பது என்பதுதான் பிழைத்தது என்று அவர் வகுப்புக்கு விளங்கப்படுத்தினார்.

நான் காத்திருந்தேன். இனி 1973ஐப் பற்றிச் சொல்லுவார், சொல்லத்தானே வேண்டும் என்று. அவர் அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டார்.

என்னுடைய பெரியண்ணைக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். வீட்டில் நாங்கள் ஏழு பேர். அவர் மூத்தவர், நான் கடைசி. அவர் பேராதனையில் பொறியியல் படிப்பார் என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். 1970-71 அனுமதியின்போதே மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழி மாணவருக்கு 229 என்று ஆகியிருந்தது. 1973இல் அது மொழிவாரித் தரப்படுத்தலாக மாறியது. ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு மொழியிலும் எழுதியவர்களைத் தனித்தனிக் கூட்டமாக்கி, இரண்டு கூட்டத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. 1974இல் அதன்மேல் மாவட்டப் பங்கீடும் வந்தது. விஞ்ஞானம் சார்ந்த பாடநெறிகளில் 1970இல் 35 சதவீதமாக இருந்த தமிழ் மாணவர் பங்கு 1975இல் 19 சதவீதமாக இறங்கியது. அந்த இறக்கத்தில் ஒருவர் எங்கள் பெரியண்ணை. சில புள்ளிகளால் தவறியது. பிறகு கச்சேரியில் எழுதுவினைஞராகி, அங்கேயே இளைப்பாறினார். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் 'தரப்படுத்தல்' என்ற சொல்லை யாரும் உரத்துச் சொல்வதில்லை. சாவீட்டில் செத்தவருடைய பெயரைச் சொல்லத் தயங்குவதுபோல.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். மாவட்டப் பங்கீட்டால் மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருந்து, முன்பு வாய்ப்பே இல்லாத தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சிலர் பல்கலைக்கழகம் போனார்கள். யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளில் படித்தவனும் ஆய்வுகூடமே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவனும் ஒரே கூட்டமா என்ற கேள்வி பொய்க்கேள்வி அல்ல. ஆனால் ஒரு பிள்ளை எந்த மொழியில் சிந்திக்கிறது என்பதை வைத்துக் கூட்டம் பிரித்து, இரண்டு கூட்டத்திலும் திறமை ஒரே அளவில்தான் பரந்திருக்கவேண்டும் என்று முதலே முடிவுகட்டிவிட்டுக் கணக்குச் செய்தது வேறு விசயம். 1973இல் பிரித்தது அநீதி. 2011இல் சேர்த்தது அநீதி. சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். சாக்குக்குள் யாரைப் போடுவது என்பதைச் சூத்திரம் தீர்மானிப்பதில்லை, ஒரு மனிதர் தீர்மானிக்கிறார்.

இது அந்த வகுப்பிலேயே எனக்கு விளங்கியது. அவர் படிப்பித்த விதத்தால்தான் விளங்கியது. அப்படியிருந்தும் எனக்குள் எழுந்தது நன்றி அல்ல. 2011 தெரிந்தவளுக்கு 1973 தெரியாதா என்ற ஒரு கசப்பு.

*

செப்ரெம்பரில் முதலாவது ஒப்படை திரும்பி வந்தது. எனக்கு நூற்றுக்கு 58. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் சிறிய எழுத்தில் குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம். உங்கள் முடிவு உங்கள் தரவுகளைவிடத் தூரம் போய்விட்டது. ரயிலில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நூற்றுநாற்பது பேரின் ஒப்படையை இப்படி வரிவரியாகத் திருத்த எத்தனை இரவு எடுத்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. இவளிடம் நான் 58 வாங்கவேண்டி வந்ததே என்று மட்டும் யோசித்தேன். 'இவளிடம்' என்ற அந்தச் சொல்லை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். அவர் முக்கால் மணித்தியாலம் நின்று, என் கணக்கு எந்த இடத்தில் பாய்ந்தது என்று காட்டினார். ஒரு மாவட்டத்து ஓட்டுநர்களின் விபத்துத் தரவை வைத்து மாநிலத்தின் எல்லா ஓட்டுநர்களுக்கும் முடிவு சொல்லியிருந்தேன். பாதுகாவலர் வந்து விளக்கை அணைக்கப்போகிறேன் என்றார். வெளியே வரும்போது, யாழ்ப்பாணமா என்று கேட்டார். ஓம் என்றேன். தான் ஒருபோதும் போனதில்லை, போகவேண்டும் என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அதற்கு மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் அந்த ரயிலும் அந்தப் படிவமும்.

அடுத்த தவணைக்கான பாட விபரத்தாளில், சென்ற தவணை மாணவர் கருத்துப்படி மாற்றங்கள் செய்திருக்கிறோம், 31 பேர் பதிலளித்தார்கள் என்று ஒரு பந்தி இருந்தது. விரிவுரையாளர் என்ற இடத்தில் வேறு பெயர். அவர் தானாக விட்டுப் போனாரா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையா, வேறு நல்ல வேலை கிடைத்ததா என்பதற்கு என்னிடம் தரவு இல்லை. என் முடிவு என் தரவைவிடத் தூரம் போகக்கூடாது. ஆனால் என்னிடம் இருக்கும் ஒரு தரவு போதும். நான் பொய் சொன்னேன்.

*

2019இல் சிட்னியில் ஓர் ஆய்வு வெளியானது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியலாளர் யனான் பானும் அவருடைய குழுவினரும் செய்தது. 2010 முதல் 2016 வரை ஏழு வருடங்களில் மாணவர்கள் நிரப்பிய 523,703 படிவங்கள், 3,123 ஆசிரியர்கள். குறிப்பாக விஞ்ஞான, வணிகப் பீடங்களில் பெண்களும் ஆங்கிலம் தாய்மொழியல்லாத பின்னணியிலிருந்து வந்தவர்களும் உயர்ந்த புள்ளி பெறும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. எல்லாப் பீடங்களிலும் ஒரே அளவில் அல்ல. ஆசிரியர்களாக அப்படிப்பட்டவர்கள் அதிகம் உள்ள இடங்களில் பாரபட்சம் குறைவதுபோலத் தெரிகிறது என்பதையும் அந்த ஆய்வு சுட்டியது.

அதற்கு முன்பே, அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்த ஒரு சிறிய சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. இணையவழிப் பாடம் ஒன்று. 43 மாணவர்கள், ஓர் ஆண் ஆசிரியர், ஒரு பெண் ஆசிரியர். ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். ஆசிரியர்கள் இருவரும் ஒவ்வொரு குழுவில் தம் பெயரை மாற்றி மற்றவர் பெயரில் படிப்பித்தார்கள். யார் உண்மையில் படிப்பித்தாலும், ஆண் பெயர் இருந்தபோது புள்ளி கூடியது. வேலைகளைத் திருத்தி ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தபோதும், 'விரைவாகத் திருப்பித் தந்தார்' என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கே அதிகம் கிடைத்தது.

இன்னொன்று 2010இல் கரெல், வெஸ்ற் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க விமானப்படைக் கல்லூரியின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்தது. அங்கே மாணவர்களை எழுமாற்றாகத்தான் ஆசிரியர்களிடம் ஒதுக்குவார்கள். ஆகவே நல்ல மாணவர் நல்ல ஆசிரியரைத் தேடிப்போன குழப்பம் இல்லை. மாணவர்கள் அதிகம் புள்ளி போட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்தார்கள். அதற்கு அடுத்த, அதைவிடக் கடினமான பாடத்தில் பின்தங்கினார்கள். வருத்தி வேலை வாங்கிய ஆசிரியரின் பயன் மாணவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. படிவம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இந்த ஆய்வுகளை வாசித்தபோது முதலில் ஓர் ஆறுதல். பார், வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கள் ஆட்களுக்கு இதைத்தான் செய்கிறார்கள் என்று. அலுவலகத்தில் என் உச்சரிப்பைப் பற்றி எனக்கே சொல்லியிருக்கிறார்கள். வருடாந்த மதிப்பீட்டில் 'தொடர்பாடல்' என்ற இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு புள்ளி குறையும். அந்த ஆறுதல் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த ஐந்து இலட்சத்துச் சொச்சத்தில் என் படிவம் இல்லை, அது வேறு நகரம், வேறு பல்கலைக்கழகம். ஆனால் அதைப்போன்ற ஒன்றை நானும் நிரப்பியிருக்கிறேன். அந்த உச்சரிப்பு விளங்காத பெடியன் இரண்டு போட்டிருந்தால் அவன் ஓரளவுக்கு உண்மை சொன்னவன். அவனுடைய காது அவ்வளவுதான். விளங்கியும் இரண்டு போட்டவன் நான்.

*

இந்தக் கதையை என் மகளுக்குச் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள், இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அப்படியென்றால் இந்தப் படிவங்களையே நிறுத்திவிடவேண்டும் என்று நான் முடித்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, உங்கட பள்ளிக்கூடத்தில உங்களை யாரும் கேட்டவையா, மாஸ்ரர் நல்லாப் படிப்பிக்கிறாரா எண்டு?"

கேட்கவில்லை. ஒரு கணக்கு மாஸ்ரர் இருந்தார். வகுப்பில் பாதிப்பாடம் மட்டும் எடுப்பார், மீதி பின்னேரம் அவருடைய ரியூட்டரியில். காசு உள்ளவனுக்கு முழுக்கணக்கு. யாரும் அவரைக் கேட்டதில்லை. பிரம்பு அவருடைய கையில் இருந்தது. மாதா, பிதாவுக்கு அடுத்த இடத்தில் குருவை வைத்த மரபு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த இடத்தில் இருந்துகொண்டு குட்டியவர்களையும் நாங்கள் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். மகள் சொல்வது சரி. கேட்காமல் விடுவது மரியாதை அல்ல.

ஆசிரியரை எடைபோடுவது எங்கள் மரபுக்கு அந்நியமும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல் இலக்கணத்துக்குள் நுழையும் முன்பே அதைச் செய்கிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை. ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு. தானாக விழுந்தால் ஒழிய ஏறிப் பறிக்க விடாத மடற்பனை. வளர்த்தவன் வளவை விட்டு அயலவன் வளவுக்குள் காய்களைப் போடும் முடத்தெங்கு. போட்ட ஒழுங்கில் திரும்பி வராத கழற்காய்க் குடம். அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டமான பருத்திக் குண்டிகை. எங்கள் கணக்கு மாஸ்ரர் அசல் முடத்தெங்கு. பவணந்தியார் போட்ட இந்த மதிப்பீட்டில் எண்ணே இல்லை. ஆனால் வாசித்ததும் ஆள் தெரிகிறது.

அவர் அதோடு நிற்கவும் இல்லை. அதே பாயிரத்தில் மாணாக்கரையும் எடைபோடுகிறார். அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. நெய்யரி என்பது பன்னாடை. தேனைக் கீழே விட்டுவிட்டு, எறும்பையும் தூசையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பதின்மூன்று வாரம் அவரிடம் படித்துவிட்டு, ஒரு 58ஐயும் அவர் சொல்லாமல் விட்ட ஒரு வருடத்தையும் மட்டும் பிடித்துவைத்துக்கொண்ட எனக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

மகளோடு பேசியபிறகு எனக்குத் தெளிந்தது இது. படிவம் எங்களை நீதிபதி என்று நினைக்க வைக்கிறது. ஐந்துக்கு எத்தனை என்று தீர்ப்புக் கேட்கிறது. ஆனால் ஒரு பாடத்தை அப்போதுதான் படித்து முடித்தவனுக்கு, ஒருவர் நல்ல ஆசிரியரா என்று தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. அவனிடம் இருப்பது வேறொன்று. அவன் அந்த அறைக்குள் இருந்தவன். அவர் நேரத்துக்கு வந்தாரா, கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொன்னாரா, யாரையாவது அவமதித்தாரா, சொன்னது காதில் விழுந்ததா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மாணவன் சாட்சி. சாட்சிக்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கடமை இருக்கிறது. கண்டதைக் கண்டபடி, அதற்கு மேலும் போகாமல் கீழும் போகாமல் சொல்வது. அதன்பிறகு எடைபோடுவது, அந்தப் பாடத்தை அறிந்து, நாலு பேரின் சொல்லைக் கேட்டு, ஆசிரியரின் பதிலையும் கேட்கக்கூடிய வேறு ஒருவரின் வேலை. கட்டாயத்துக்கு வந்த மாணவரின் கணக்குப் பாடத்தையும் விரும்பி வந்தவரின் பாடத்தையும் ஒரே சாக்கில் போட்டு இடை காண்பவர் அந்த வேலையைச் செய்கிறவர் அல்லர்.

1973இல் என் அண்ணன் தலைமுறைக்கு நடந்ததில் எங்களை இன்றும் எரிப்பது எது? புள்ளி குறைந்தது மட்டும் அல்ல. அவர் எழுதிய விடைத்தாளுக்கும் அவருக்குக் கிடைத்த முடிவுக்கும் நடுவில், அவர் செய்யாத ஒன்று, அவர் பிறந்த மொழி, வந்து நின்றது. 2012இல் நான் போட்ட இரண்டுக்கும் அவர் படிப்பித்த பாடத்துக்கும் நடுவில் வந்து நின்றதும் அதுதான். அவர் செய்யாத ஒன்று. அவர் பிறந்த மொழி.

*

ஒருவனுடைய இரண்டு என்ன பெரிய வித்தியாசத்தைச் செய்துவிடும்? அவர் படிப்பித்த கணக்கைக்கொண்டே பார்த்தேன். நான் ஐந்து போட்டிருக்கவேண்டும். வித்தியாசம் மூன்று. பதில் சொன்னவர்கள் 31. மூன்றை முப்பத்தொன்றால் பிரித்தால், அவருடைய இடையில் என் பங்கு பத்திலொன்றுக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பத்திலொன்றால் ஒருவருடைய வேலை போயிருக்குமா? போயிருக்காது என்று சொல்லத்தான் ஆசை.

ஆங்கிலேயத் தத்துவவாதி டெரெக் பார்பிற் 1984இல் வெளியான தன் நூலில் ஒரு கற்பனையைச் சொல்கிறார். ஆயிரம் கைதிகள், ஆயிரம் காவலர்கள். ஒவ்வொரு காவலரும் ஒரு பொத்தானை அழுத்துவார். அது ஒவ்வொரு கைதியின் வலியையும் உணரமுடியாத அளவு கூட்டும். எந்தக் காவலரைக் கேட்டாலும், நான் எவருக்கும் உணரக்கூடிய வலி தரவில்லை என்பார். ஆனால் ஆயிரம் பேரும் அழுத்தி முடிந்தபோது ஆயிரம் கைதிகள் துடிக்கிறார்கள். தன் பங்கு சிறியது என்பது தான் சேர்ந்து செய்ததிலிருந்து ஒருவரை விடுவிக்காது என்பது பார்பிற்றின் வாதம். தரப்படுத்தலும் அப்படித்தான் நடந்திருக்கும். யாரோ ஓர் எழுதுவினைஞர் ஒரு நிரலை எழுதினார், இன்னொருவர் கூட்டினார், இன்னொருவர் ஒப்பமிட்டார். அவர்களில் ஒருவருக்கும் எங்கள் பெரியண்ணையைத் தெரியாது. எனக்கோ, நான் புள்ளி போட்டவரைத் தெரியும். அவர் எனக்காக முக்கால் மணித்தியாலம் நின்றவர்.

சென்ற வருடம் பெரியண்ணையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். உங்களை நினைச்சுத்தான் அப்பிடிச் செய்தனான் என்று சொல்ல வாயெடுத்தேன். முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை.

"அவ எனக்கு என்னடா தம்பி செய்தவ?" என்றார். "அப்ப அவ பிறந்தும் இருக்கமாட்டா." கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எப்பிடிப் படிப்பிச்சவ?" என்று கேட்டார்.

எழுபதைத் தாண்டிய மனுசன், பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டாதவர், ஒரு விரிவுரையாளரைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். இரண்டாம் வாரத்துப் பாடத்தையும் மூன்றாம் வாரத்துப் பாடத்தையும் அவருக்குச் சொன்னேன். வரிசை எண்களைக் கூட்டக்கூடாது என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். இசட் புள்ளிக்கு வந்தபோது நான் தயங்கினேன். அவர், "சொல்லு, சொல்லு" என்றார். நியம விலகல் வரைக்கும் சொன்னேன். "இவ்வளவுதானா அது?" என்றார். நாற்பது வருடத்துக்கும் மேலாக அவருடைய வாழ்க்கைக்குக் குறுக்கே கிடந்த சூத்திரத்தை முதல்முறையாக ஒருவர் அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தார். விளங்கப்படுத்தியது நான்தான். ஆனால் சொற்கள் என்னுடையவை அல்ல. அவை கண்டிக்காரப் பெண் ஒருவர் புதன்கிழமை இரவுகளில் சொன்னவை.

இப்போது வேலையிடத்துப் பயிற்சிகள் முடிந்து இப்படியான படிவங்கள் வரும்போது, எண்களுக்கான கட்டங்களை விட்டுவிட்டுக் கீழே உள்ள வெற்றிடத்தில் எழுதுகிறேன். என்ன கண்டேன், என்ன கேட்டேன், எது எனக்கு விளங்கவில்லை, அதில் என் பிழை எவ்வளவு. பெயர் எழுதத் தேவையில்லை என்று போட்டிருக்கும். எழுதுகிறேன். அந்த ஒக்ரோபர்ப் படிவத்திலும் அப்படி ஒரு வெற்றிடம் இருந்தது. அதை நான் நிரப்பவில்லை.